அட்டை வரைய வாசிக்கத் தெரிய வேண்டும்

புத்தக அட்டை, நூலின் முதல் பக்கத்துக்கு முன்பே வாசகர் படித்துவிடும் பக்கம். இது என்ன நூல், யார் எழுதியது, எந்த மனநிலையோடு உள்ளே போக வேண்டும் என்பதை அது சில நொடிகளில் உணர்த்தியாக வேண்டும். படம், தலைப்பெழுத்து, வண்ணம், வெற்றிடம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன. ஓவியம் கொண்ட அட்டையை வடிவமைக்க இளையோருக்குக் கற்றுக்கொடுப்பதை ஓவிய வகுப்பின் ஒரு கிளையாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கல்வியின் முதல் பாதி தமிழ் வகுப்பைச் சேர்ந்தது. கதையை ஊன்றிப் படிக்காத மாணவர், கையில் எவ்வளவு திறமை இருந்தாலும், அந்தக் கதைக்கென்று ஓர் அட்டையை உருவாக்க முடியாது. அவர் வரைவது எந்தக் கதைக்கும் பொருந்தும் ஓர் அழகான படமாக நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் வரையத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்ற நிலைகள் உண்டு. 1850இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியும் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியும் ஓவியர்களை உருவாக்கி வருகின்றன. ஆனால் பள்ளி ஓவிய வகுப்பு பெரும்பாலும் பானை, பழம், இரு மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியன், தலைவர் முகம் என்ற வட்டத்தைத் தாண்டுவதில்லை. சொல்லும் படமும் ஒரே தாளில் சேர்ந்து இயங்கும் கலை அங்கே அநேகமாகத் தொடப்படுவதே இல்லை. இதன் விளைவைப் புத்தகக் கடைகளில் பார்க்கலாம். ஓவியர் ஒருவர் தாள் முழுவதையும் நிறைத்துப் படம் வரைந்து அனுப்புகிறார். டிடிபி செய்பவர் அதன்மேல் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே தலைப்பை வைக்கிறார். இடமே கிடைக்காதபோது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடும் அதற்கடியில் நிழலும் போட்டு எப்படியாவது படிக்கும்படி செய்கிறார். இருவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வேலை என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அட்டை இந்தப் பொறுப்பை ஏற்றது அண்மைக் காலத்தில்தான். ஓலைச்சுவடிக்கு மேலும் கீழும் இருந்த மரச்சட்டங்களின் முதல் வேலை ஏட்டைக் காப்பது. அச்சு வந்த பிறகும் நெடுங்காலம் நூலை அறிமுகப்படுத்தியது உள்ளே இருந்த தலைப்புப் பக்கமே. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பதிப்பாளர்கள் தாங்களே துணி அட்டை கட்டி நூலை விற்கத் தொடங்கினார்கள். பிறகு மேலுறை வந்தது. அதில் படமும் வந்தது. 1935இல் லண்டனில் ஆலன் லேன் தொடங்கிய பெங்குவின் மலிவுப் பதிப்புகள் படத்தையே விட்டுவிட்டு, வண்ணப் பட்டைகளையும் ஒரு பறவைச் சின்னத்தையும் வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் அடையாளம் பெற்றன. 1947இல் பெங்குவினில் வந்து சேர்ந்த அச்செழுத்து வடிவமைப்பாளர் யான் சிக்கோல்ட், எழுத்துகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளிக்கும் விதி எழுதினார். படம் இல்லாத அட்டையும் வடிவமைக்கப்பட்ட அட்டைதான் என்பதை மாணவர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. எழுத்து எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று தெரிந்த பிறகு படத்தைத் தொட்டால், படத்தின்மேல் தேவைக்கு அதிகமான சுமையை ஏற்றத் தோன்றாது.

இந்தியாவில் இந்தக் கலையைக் கற்பிக்க விரும்புவோர் சத்யஜித் ராயிடமிருந்து தொடங்கலாம். சாந்திநிகேதனில் ஓவியம் பயின்ற ராய், 1943இல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். டி.கே. குப்தா நடத்திய சிக்னெட் பிரஸ்ஸுக்கு அவர் செய்த அட்டைகள் வங்காளப் பதிப்புலகத்தின் தோற்றத்தையே மாற்றின. குமாவுன் மலைப்பகுதியின் ஆட்கொல்லிப் புலிகள் பற்றி ஜிம் கார்பெட் எழுதிய நூலின் வங்காளப் பதிப்புக்கு அவர் பாயும் புலியை வரையவில்லை. முன்னட்டையும் பின்னட்டையும் சேர்ந்து ஒரே புலித்தோலாக விரிய, அதில் இரண்டு துளைகளை இட்டார். ஒன்று குண்டு நுழைந்த இடம், மற்றது வெளியேறிய இடம். வெளியேறிய துளை பெரியது. குண்டு ஓர் உடலை எப்படித் துளைக்கும் என்று யோசித்தவருக்கே இது தோன்றும். புத்தகத்தைக் கையில் புரட்டும்போது வேட்டையும் நடந்து முடிகிறது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’யைச் சிறுவருக்காகச் சுருக்கி வெளியிட்ட பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அதைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவருக்கு எழுந்தது. அந்தப் படம் 1955இல் வெளிவந்தது. ஒரு நூலுக்குப் படம் போடும் வேலை அந்த நூலை எவ்வளவு ஆழமாகப் படிக்கவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தமிழில் இரண்டு மரபுகளை மாணவர் முன் வைக்கலாம். ஒன்று வார இதழ் மரபு. 1950இல் ‘கல்கி’யில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த படங்கள், அந்த நாவலின் மாந்தர்களுக்கு நிலையான முகத்தையே கொடுத்துவிட்டன. வந்தியத்தேவன் என்றதும் தமிழ் வாசகரின் மனத்தில் எழுவது மணியத்தின் கோடு. மற்றொன்று நவீன ஓவிய மரபு. கே.எம். ஆதிமூலம் (1938–2008) சிற்றிதழ்களுக்கும் நவீன இலக்கிய நூல்களுக்கும் கோட்டோவியத்தோடு தலைப்பெழுத்தையும் தம் கையால் எழுதினார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த கோடுகளில் கரிசல் மண்ணின் சொரசொரப்பு இருக்கும். எழுத்தும் ஓவியத்தின் பகுதி என்று தமிழ் அட்டைகளில் உறுதியாக நிறுவியவர்களில் அவர் முதன்மையானவர். மணியத்திடம் மாணவர் கற்க வேண்டியது உடை, அணிகலன், கட்டடம் ஆகியவற்றைத் தேடிப் பார்த்து வரையும் உழைப்பு. அவர் வரைந்த முகத்தை அப்படியே பெயர்த்து வரைவது கற்றல் ஆகாது. ‘பொன்னியின் செல்வ’னுக்குப் புதிதாக அட்டை வரையச் சொன்னால் வகுப்பு முழுவதும் குதிரையில் வரும் அதே வீரனையே வரையும் ஆபத்து உண்டு. அந்த நாவலை முதல் பயிற்சியாகக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

முதல் பயிற்சிக்குச் சிறுகதை ஏற்றது. ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம், திரும்பவும் படிக்கலாம். நடுநிலைப்பள்ளி மாணவருக்கு நாட்டுப்புறக் கதையும், அதற்கு மேற்பட்டவருக்குப் புதுமைப்பித்தனும் பொருந்தும். உதாரணமாக, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. தலைப்பைக் கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் சடாமுடியும் பிறையும் சூலமும் கொண்ட சிவனை ஒரு பக்கமும், குடுமி வைத்த ஒருவரை மறுபக்கமும் வரைவார்கள். கதையைப் படித்தவருக்கு இது பொருந்தாது என்று தெரியும். கதையின் பெரும்பகுதியில் கடவுள் ஒரு கிழவராகத்தான் சென்னை நகரத்தில் திரிகிறார். பிராட்வே முனையில் வழி கேட்கிறார், காப்பி குடிக்கிறார், நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சந்தேகத்துக்கு ஆளாகிறார், ரிக்‌ஷாவில் போகிறார். அவரைக் கடவுள் என்று அட்டையே காட்டிக்கொடுத்துவிட்டால் புதுமைப்பித்தன் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை முழுவதும் வீணாகும்.

இந்த இடத்தில் ஆசிரியர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். கதையில் கைக்கு எட்டும் பொருள்கள் எவை? அவற்றில் எது இந்தக் கதைக்கு மட்டுமே உரியது? எதைக் காட்டினால் கதையின் முடிவு தெரிந்துவிடும்? மாணவர்கள் பட்டியல் போடுவார்கள்: காப்பி, நோட்டு, ரிக்‌ஷா, வெற்றிலை, பிள்ளை நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகை, அதன் சந்தாக் கணக்கு. காப்பி எத்தனையோ கதைகளில் வருகிறது. ஆனால் எதிரெதிரே வைத்த இரண்டு காப்பிகளுக்கு நடுவில் ஒரு நூறு ரூபாய் நோட்டு கிடந்தால் அதில் ஒரு சிக்கல் தென்படுகிறது, சிரிப்பும் எட்டிப் பார்க்கிறது. சந்தாக் கணக்கை வரையலாம் என்று ஒரு மாணவர் சொன்னால் அது கூர்மையான வாசிப்பு. ஆனால் அது கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டிவிடும் என்று இன்னொருவர் மறுப்பார். அந்த மறுப்பும் கூர்மையான வாசிப்பே. இலக்கியத்தைப் பற்றி வகுப்பில் இவ்வளவு உயிரோட்டமான விவாதத்தை வேறெந்த வினாத்தாளும் உண்டாக்குவதில்லை.

வரையாமல் விடுவதும் வடிவமைப்பு என்பதை விளக்க ஃபிரான்ஸ் காஃப்கா நல்ல துணை. ஒரு நாள் காலையில் பூச்சியாக மாறி விழித்தெழும் மனிதனைப் பற்றிய ‘உருமாற்றம்’ 1915இல் நூலாக அச்சேறவிருந்தது. ஓவியர் ஓட்டோமார் ஷ்டார்க்கே அந்தப் பூச்சியை வரைந்துவிடுவாரோ என்று அஞ்சிய காஃப்கா, அதைத் தொலைவிலிருந்துகூடக் காட்ட வேண்டாம் என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். வெளிச்சமான அறையில் பெற்றோரும் தங்கையும் நிற்க, பக்கத்து இருட்டறைக்கான கதவு திறந்திருப்பதுபோல் வரையலாம் என்று யோசனையும் சொன்னார். வெளிவந்த அட்டையில் ஒரு மனிதன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு, திறந்த கதவிலிருந்து விலகி நடக்கிறான். கதவுக்கு அப்பால் இருட்டு. பூச்சி எங்கும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த அட்டை பேசப்படுகிறது.

கருத்து உருவாகும் நேரத்தில் பிள்ளைகளைத் தடுப்பது தயார்ப் படங்கள். கிராமத்துக் கதை என்றால் ஆலமரமும் மாட்டு வண்டியும். பெண்ணின் துயரம் என்றால் கண்ணீர் வழியும் முகம். போராட்டம் என்றால் சிவப்புப் பின்னணியில் உயர்ந்த கை. வறட்சி என்றால் வெடித்த நிலம். வரலாறு என்றால் கோயில் கோபுரம். இவை பிள்ளைகளின் சோம்பலால் வருவதில்லை. அவர்கள் பார்த்து வளர்ந்த அட்டைகளும் சுவரொட்டிகளும் அவற்றையே காட்டின. இவற்றை வெளியேற்ற எளிய வழி ஒன்று உண்டு. நூலின் பொருளைச் சொன்னதும் மனத்தில் தோன்றும் முதல் பத்துப் படங்களைப் பலகையில் எழுதச் செய்து, பத்தையும் அடித்துவிட வேண்டும். பதினொன்றாவதைத் தேடி மாணவர் மறுபடியும் நூலுக்குத்தான் போயாக வேண்டும். அடிக்கப்பட்டவற்றுள் ஒன்று உண்மையிலேயே நூலின் மையமாக இருக்கலாம். அப்போது அதை மீட்டுக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் இதுவரை யாரும் காட்டாத கோணத்தில் காட்ட வேண்டும்.

அடுத்தது குறுவரைவு. ஏ4 தாள் ஒன்றை எட்டாக மடித்தால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய புத்தகத்தின் விகிதத்திலேயே அமையும். எட்டுக் கட்டங்களிலும் எட்டு வெவ்வேறு யோசனைகளைப் பென்சிலால், கட்டத்துக்கு ஓரிரு நிமிடத்தில், கிறுக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் இடம் குறித்திருக்க வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. இந்த நிபந்தனையைத் தளர்த்தவே கூடாது. படத்தை முடித்த பிறகு எழுத்துக்கு இடம் தேடும் பழக்கம் இங்கேதான் ஒழியும். நன்றாக வரையத் தெரிந்த மாணவருக்கு இந்தக் கட்டம் சலிப்பைத் தரும். முதல் யோசனையிலேயே நிழலும் மடிப்பும் போடத் தொடங்கிவிடுவார். வரையத் தெரியாதவர் என்று ஒதுங்கியிருந்த மாணவர் இங்கே முந்திக்கொள்வதும் உண்டு. எட்டு யோசனைகளில் ஒன்றைத் தேர்ந்து, ஏன் அதைத் தேர்ந்தார் என்று இரண்டு வரி எழுதச் சொல்வது பயனுள்ளது.

எழுத்துதான் தமிழ் அட்டையின் கடினமான பகுதி. கற்பித்தலில் அதிக நேரம் இதற்கே ஒதுக்கப்பட வேண்டும். ஆங்கில வடிவமைப்பு நூல்களில் உள்ள அறிவுரைகள் இங்கே பாதியளவே உதவும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. அழுத்தம் கொடுக்க அளவும் கனமும் வண்ணமும்தான் கருவிகள். சொற்கள் நீளமானவை. புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் மேலே எழுகின்றன. உகர ஊகாரக் கால்கள் கீழே இறங்குகின்றன. கொம்பும் காலும் பக்கவாட்டில் இடம் பிடிக்கின்றன. மேலே சொன்ன தலைப்பையே எடுத்து, ‘கடவுளும்’, ‘கந்தசாமிப்’, ‘பிள்ளையும்’ என்று மூன்று வரிகளாக அடுக்கிப் பார்த்தால் சிக்கல் கண்ணுக்குத் தெரியும். முதல் வரியின் வு, ளு ஆகியவற்றின் கால்கள் கீழே தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே இரண்டாம் வரியின் புள்ளியும் மியின் கொக்கியும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வரிகளை நெருக்கினால் இரண்டும் மோதும். விலக்கினால் தலைப்பு மூன்று துண்டுகளாகச் சிதறும். ஒரு வரியைச் சற்றே வலப்பக்கம் நகர்த்தினால், ஒன்றின் கால் மற்றொன்றின் இடைவெளியில் போய் உட்காரும். இந்த நகர்த்தலைக் கணினி தானாகச் செய்யாது. தலைப்பைத் தாளில் எழுதி, சொல் சொல்லாகக் கத்தரித்து, விரலால் நகர்த்திப் பார்த்த மாணவருக்கு அது கால் மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

தலைப்பைப் பிரிப்பதிலும் இலக்கணம் குறுக்கே வரும். ‘கந்தசாமிப்’ என்பதன் ஒற்று அந்தச் சொல்லோடுதான் நிற்க வேண்டும். இடம் போதவில்லை என்று அதை அடுத்த வரிக்குத் தள்ளக் கூடாது, விட்டுவிடவும் கூடாது. எழுத்துக்கு எழுத்து வேறு வண்ணம் தீட்டுவது பிள்ளைகளுக்குப் பிடித்தமான உத்தி. ஆனால் ‘பொ’ என்பதில் கொம்பும் பகரமும் காலும் சேர்ந்தே ஓர் எழுத்து. மூன்றுக்கும் மூன்று வண்ணம் கொடுத்தால் படிப்பவரின் கண் தடுமாறும். ரகரத்தையும் துணைக்காலையும் ஒரே மாதிரி அழகுபடுத்தினாலும் இதே தொல்லைதான். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா வடிவங்களைச் சிலர் பழமையின் சாயலுக்காக அட்டையில் கொண்டுவருகிறார்கள். அந்தக் காலத்தைப் பேசும் நூலுக்கு அது பொருந்தும். இன்றைய பள்ளிச் சிறுமியைப் பற்றிய கதைக்கு அதைப் போடும் மாணவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

கையெழுத்துப் பயிற்சிக்குத் தட்டைத் தூரிகையும், நுனியைச் சரிவாகச் சீவிய மூங்கில் குச்சியும், கத்தரித்த வண்ணத்தாளும் போதும். ஒரே தலைப்பை இந்த மூன்றாலும் எழுதினால் மூன்று குரல்கள் கிடைக்கும். கணினி வசதி உள்ள இடங்களில், கட்டணமின்றிக் கிடைக்கும் நல்ல ஒருங்குறி எழுத்துருக்களும் இன்று உள்ளன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவாணர், ஏக் டைப் குழுவின் பலூ தம்பி, முக்தா மலர் போன்றவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து, எது உரைநூலுக்கு ஏற்றது, எது சிறுவர் நூலுக்கு ஏற்றது என்று பேசலாம். ஓர் அட்டையில் இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டாம் என்ற விதி, தொடக்கத்தில் இருப்பவர்களைப் பல விபத்துகளிலிருந்து காப்பாற்றும்.

பிள்ளைகள் அட்டை என்று வரைந்து கொண்டுவருவது பெரும்பாலும் முன்னட்டையை மட்டும்தான். அச்சகத்துக்குப் போவது ஒரே நீளத்தாள்: இடப்பக்கம் பின்னட்டை, நடுவில் முதுகு, வலப்பக்கம் முன்னட்டை. டெம்மி அளவு நூல் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. 160 பக்கம் என்றால் 80 தாள். ஒரு தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. என்று வைத்தால் முதுகு 8 மி.மீ. ஆகவே மொத்த அகலம் 28.8 செ.மீ. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாகப் படம் நீள வேண்டும்; அப்போது தாளின் அளவு 29.4க்கு 22.1 செ.மீ. இந்தக் கணக்கை மாணவரே அளவுகோலை வைத்துப் போட வேண்டும். அந்த 8 மி.மீ. முதுகில் இருபுறமும் ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 5 மி.மீ. மேலே கொக்கிக்கும் கீழே காலுக்கும் இடம் போக, எழுத்தின் உடலுக்கு அதில் பாதிதான் மிஞ்சும். தமிழ் நூல்களின் முதுகில் தலைப்பு ஏன் இவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மெல்லிய நூலின் முதுகில் அலங்கார எழுத்து ஏன் கூடாது என்பதும் சொல்லாமலே விளங்கிவிடும்.

பின்னட்டையில் நூலைப் பற்றிய சிறு அறிமுகம், விலை, 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணுக்கான பட்டைக்கோடு, பதிப்பகச் சின்னம் ஆகியவை வரும். அந்த அறிமுகத்தை 60 சொற்களில் எழுதுவது நல்ல மொழிப்பயிற்சி. கதையைச் சொல்லிவிடாமல், நூலைப் புகழ்ந்து தள்ளாமல், வாசகரை உள்ளே அழைக்க வேண்டும். படம் வரைவதில் நாட்டமில்லாத மாணவர் இந்தப் பகுதியைப் பொறுப்பேற்கலாம். இருவர் சேர்ந்து ஓர் அட்டை செய்யும் ஏற்பாடு பள்ளிகளுக்கு மிகவும் ஏற்றது.

வண்ணத்தில் கட்டுப்பாடே சிறந்த ஆசிரியர். ஆஃப்செட் அச்சில் நான்கு வண்ணங்கள் இருந்தாலும், கற்கும்போது தாளின் நிறத்தோடு இரண்டே வண்ணங்கள் என்ற எல்லையை வைக்க வேண்டும். கறுப்பும் ஒரு செங்காவியும் மட்டும் கையிலிருந்தால், எதைச் செங்காவியாக்குவது என்ற முடிவு கதையின் மையம் எது என்ற முடிவாகிவிடும். லினோலியத் தகட்டில் செதுக்கியோ, திரை அச்சு முறையிலோ இதைக் கையாலேயே அச்சிட்டுப் பார்க்கலாம். லினோவில் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிச் செதுக்க வேண்டியிருப்பதால் ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் மாணவர் முதன்முறையாக உற்றுப் பார்ப்பார். சென்னையின் தாரா பதிப்பகம் கையால் செய்த தாளில் திரை அச்சாக வெளியிட்ட நூல்கள் உலகெங்கும் மதிப்புப் பெற்றவை. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு ஓவியர்கள் கருந்தாளில் இரவு நேர மரங்களை வரைந்த அந்தப் பதிப்பகத்தின் நூலை வகுப்பில் ஒருமுறை கையில் தொட்டுப் பார்ப்பது, வண்ணம் பற்றிய பல பாடங்களுக்கு ஈடாகும். கணினியில் செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கிவிடும். மாதிரி அச்சு எடுத்துப் பார்க்காமல் வண்ணத்தை உறுதி செய்யக் கூடாது.

முடிந்த அட்டையை இரண்டு தொலைவுகளில் சோதிக்க வேண்டும். புத்தகக் காட்சியில் அட்டை தெரிய மேசைமேல் அடுக்கியிருக்கும்போது, நடந்து போகிறவரின் கண்ணுக்கு ஆறேழு அடி தூரத்திலிருந்து தலைப்பு தெரிகிறதா? கைபேசியில் இணையக் கடையைப் பார்ப்பவருக்குத் தபால்தலை அளவில் அது என்னவென்று புரிகிறதா? நுணுக்கமான கோடுகளால் நிறைந்த பல நல்ல ஓவியங்கள் இரண்டாவது சோதனையில் சாம்பல் திட்டாகிவிடும். அப்போது படத்தின் ஒரு பகுதியைப் பெரிதாக்கி மற்றதை விட்டுவிட நேரும். தன் உழைப்பை வெட்டி எறிய மாணவர் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்து அவரையே முடிவெடுக்க விட வேண்டும்.

இணையத்திலிருந்து படத்தை எடுத்து ஒட்டுவது இன்று மிக எளிது. செயற்கை நுண்ணறிவிடம் இரண்டு வரி சொல்லிப் படம் வாங்குவது அதைவிட எளிது. முதலாவது பெரும்பாலும் அடுத்தவர் உரிமையைப் பறிப்பது. இந்தியச் சட்டப்படி ஓவியரின் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அவர் படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. இரண்டாவதில் வேறொரு இழப்பு இருக்கிறது. கேட்டதும் வருவது, ஏற்கெனவே ஆயிரம் முறை வரையப்பட்ட ஆலமரமும் கண்ணீர் முகமும்தான். தமிழ் எழுத்தையும் அந்தக் கருவிகள் பலவேளை சிதைத்தே தருகின்றன. கருவி மேம்படலாம், ஆனால் எந்தப் பொருளை அட்டையில் வைப்பது, எதை மறைப்பது என்ற முடிவுக்கு முழுக் கதையையும் படித்த ஒரு மனம் வேண்டும். கற்கும் பருவத்தில் அந்த முடிவைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாது.

அட்டைகளைப் பற்றி வகுப்பில் பேசும்போது ‘அழகாக இருக்கிறது’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. இந்த அட்டையைப் பார்த்து நூல் எதைப் பற்றியது என்று நினைக்கத் தோன்றுகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கதையைப் படிக்காத வேறொரு வகுப்பு மாணவர்களிடம் காட்டி அவர்கள் சொல்வதைக் கேட்டால் இன்னும் நேர்மையான பதில் கிடைக்கும். நகைச்சுவைக் கதையைப் பேய்க்கதை என்று அவர்கள் நினைத்தால் வண்ணத்தில் ஏதோ பிசகு. ஆசிரியர் பெயரைத் தலைப்பாகப் படித்தால் எழுத்தளவில் பிசகு. மதிப்பெண்ணைவிட இந்தப் பதில்கள் மாணவருக்கு அதிகம் கற்பிக்கும்.

பிரிட்டனில் பெங்குவின் நிறுவனம் 2007 முதல் மாணவர்களுக்கான அட்டை வடிவமைப்புப் போட்டியை நடத்தத் தொடங்கியது. உண்மையான நூலையும் உண்மையான அளவுகளையும் கொடுத்து, பதிப்புத் துறையில் இருப்பவர்களே மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் நூல் அட்டை வடிவமைப்பை ஒரு பிரிவாகச் சேர்ப்பது பெரிய செலவில்லாத காரியம். வகுப்புக்கு ஏற்ற ஒரு கதையை ஒரு மாதம் முன்பே அறிவித்து, முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் கேட்க வேண்டும். எட்டுக் குறுவரைவுகளையும் உடன் இணைக்கச் சொல்ல வேண்டும். குறுவரைவுகளைப் பார்த்தாலே பிள்ளை தானாகச் செய்ததா, பெரியவர் கை பட்டதா என்று தெரிந்துவிடும். நடுவர்களில் ஒரு தமிழாசிரியரும் ஓர் அச்சகத் தொழிலாளியும் இருந்தால் தீர்ப்பு சரியாக அமையும். சென்னைப் புத்தகக் காட்சியிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் இந்த அட்டைகளைக் காட்சிக்கு வைக்கலாம்.

கற்பிக்க ஆள் எங்கே என்ற கேள்வி நியாயமானது. பல அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பகுதிநேரமாகவே வருகிறார். சில இடங்களில் அவரும் இல்லை. தமிழாசிரியர் வாசிப்பையும் பட்டியலையும் விவாதத்தையும் நடத்த முடியும். கணித ஆசிரியருக்கு முதுகின் தடிமன் ஒரு வகுப்புக்கான கணக்கு. எழுத்துக்கும் அச்சுக்கும் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். சுவர் விளம்பரமும் பெயர்ப்பலகையும் எழுதிவந்த ஓவியர்கள், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்து எல்லா ஊர்களிலும் வாழ்கிறார்கள். தமிழ் எழுத்தைச் சுவரளவுக்குப் பெருக்கவும் ஒரு சாண் பலகைக்குள் அடக்கவும் தெரிந்த அந்தக் கைகளைப் பள்ளிக்கு அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து இரண்டு நாள் கற்பிக்கச் சொல்ல வேண்டும். ஊர் அச்சகத்துக்கு ஒருநாள் கூட்டிச்சென்றால் பிளேட், லேமினேஷன், வெட்டு எல்லாம் கண்முன்னே விளங்கும்.

பயிற்சிக்கான வேலையும் பள்ளிக்குள்ளேயே காத்திருக்கிறது. பள்ளி நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் அட்டை கிழிந்து, பழுப்பு அட்டையில் மறுகட்டுமானம் செய்யப்பட்ட நூல்கள் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. முதுகில் நூலகப் பதிவெண் மட்டும் இருக்கும், தலைப்புகூட இராது. பெரும்பாலான பிள்ளைகள் அவற்றைக் கையில் எடுப்பதில்லை. ஆண்டுக்கு 20 நூல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இரண்டு மாணவர்களிடம் கொடுத்து, படித்துவிட்டு மேலுறை செய்து தரச் சொல்லலாம். 170 ஜிஎஸ்எம் ஆர்ட் தாளில் நிறப்பிரதி எடுத்து, நெகிழித் தாள் போர்த்தி மடித்தால் அந்த உறை சில ஆண்டுகள் தாங்கும். உறையின் உட்புற மடிப்பில் படம் வரைந்தவர், தலைப்பு எழுதியவர், பின்னட்டை வாசகம் எழுதியவர் ஆகியோரின் பெயர்களையும் வகுப்பையும் ஆண்டையும் அச்சிட வேண்டும். தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர் அட்டை ஓவியரின் பெயரை உரிமைப் பக்கத்தில் குறிப்பிடுகிறார்கள். சிலர் இன்னும் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் செய்யும் உறையில் அது விடுபடக் கூடாது.